மாடலுக்குப் போர்த்திய உறை

1979இல் நார்வேக்காரரான ட்ரிக்வே ரீன்ஸ்கவ்க், கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்துக்கு விருந்தினராகப் போயிருந்தபோது எழுதிய குறிப்புகளில் பிறந்தது மாடல்-வியூ-கன்ட்ரோலர். மனுஷன் மனசிலிருக்கும் படத்துக்கும் கணினிக்குள் இருக்கும் தரவுக்கும் பாலம் போடுவதுதான் அவர் நோக்கம். தரவு ஓரிடம், அதன் முகம் வேறிடம்.

2004இல் வந்த ரூபி ஆன் ரெயில்ஸ் இதை இணையத்தில் பரவலாக்கியது. ஆனா ஒரு சிக்கல். நம்ம பெயரையே எடுத்துக்கோங்க: அழைப்பிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசா. அந்த இனிஷியலை வெட்டும் நிரலை எங்கே வைப்பது? வியூவில் வைத்தால் எச்டிஎம்எல் நடுவே இஃப்-எல்ஸ் முளைக்கும். மாடலில் வைத்தால் அது வீங்கிக்கொண்டே போகும்.

விடை ஏற்கெனவே இருந்தது. 1994இல் காமா, ஹெல்ம், ஜான்சன், விளிசிடிஸ் நால்வரும் எழுதிய ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூலில் டெக்கரேட்டர் என்றொரு வடிவம் உண்டு. அங்கே உதாரணம், எழுத்துப்பெட்டிக்கு ஸ்க்ரோல்பார் மாட்டுவது. அசல் பொருளைத் தொடாமல் சுற்றிக்கொள்ளும் உறை அது. தன் வேலையில்லாத கேள்வியை உள்ளே அனுப்பிவிடும். ரெயில்ஸ்காரர்கள் ‘டிரேப்பர்’ என்ற லைப்ரரி வழியே அதை மாடலுக்குப் போர்த்தினார்கள்.

வெறும் ஒழுங்குக்காக மட்டுமில்லை இது. காட்டும் வடிவத்தையே தரவாகச் சேமித்து, ‘மு.’ மட்டும் மிஞ்சினால், அப்பா முருகனா முத்துவா என்று எந்தக் கணினியாலும் திருப்பிச் சொல்ல முடியாது.