டி.கே.எஸ். சகோதரர்கள்: ஒரு குடும்பம், ஒரு கம்பெனி

மல்லசமுத்திரத்தில் பஸ் ஏறினால் திருச்செங்கோடு, பிறகு பள்ளிபாளையம், காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. 1944-ல் அந்த ஈரோட்டில் தமிழ் நாடகக் கலைக்கென்றே ஒரு மாநாடு நடந்தது. முன்னின்று நடத்தியவர்கள் அரசாங்கமோ பல்கலைக்கழகமோ அல்ல, ஒரு நாடகக் கம்பெனிக்காரர்கள். அண்ணன் தம்பி நான்கு பேர்!

சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி. அப்பா கண்ணுசாமிப் பிள்ளை மேடையில் பெண் வேடம் போட்டவர். 1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக இருந்த பாலர் சபையில் பிள்ளைகள் சேர்ந்தார்கள். சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு.

பாலர் சபை, அதாவது பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன? பையன்கள் எல்லோரும் ஒரே வீட்டில் தங்குவார்கள். பகலில் பாட்டும் வசனமும் பாடம், இரவில் நாடகம். வசூல் குறைந்தால் மூட்டை கட்டி அடுத்த ஊர். பள்ளிக்கூடம் கிடையாது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பாட்டு போச்சு, பாட்டு போனால் வேடமும் போச்சு. இதைக் குருகுலம் என்று புகழ்கிறவர்கள் உண்டு. குழந்தை உழைப்பு என்று சொன்னாலும் தப்பில்லை. உண்மை என்னவோ இரண்டும்தான். சிறுவன் சண்முகத்துக்காகச் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று நாடக உலகில் சொல்வார்கள். அப்படி ஒரு வாத்தியார் வேறு எங்கே கிடைப்பார்?

1922-ல் சுவாமிகள் மறைந்தார். 1925 மார்ச் 31-ல் சகோதரர்கள் சொந்தமாக ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கினார்கள். சண்முகத்துக்கு அப்போது பதின்மூன்று கூட முடியவில்லை! பெரியண்ணன் சங்கரன் நிர்வாகம், முத்துசாமி நாடகம் எழுதுவது, சண்முகமும் பகவதியும் மேடை. பத்திரம் எழுதாத ஒரு கூட்டு வியாபாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சினிமா வந்தது. 1935-ல் 'மேனகா' படத்துக்குக் குழுவே போய் நடித்தது. என்.எஸ். கிருஷ்ணன் அதில்தான் திரைக்கு வந்தார். கே.ஆர். ராமசாமி, எஸ்.வி. சகஸ்ரநாமம் என்று பிறகு பெயர் வாங்கிய பலரும் இந்தக் கம்பெனிப் பிள்ளைகள்தான். கணக்குப் பார்த்தால் இது பெரிய நஷ்டம். சோறு போட்டு, வருஷக்கணக்கில் பாடம் சொல்லி ஒரு நடிகனை உருவாக்குவது நாடகக் கம்பெனி. லாபம் ஸ்டுடியோவுக்கு!

அப்படிப் போனவர்களில் நம் பக்கத்துக்காரரும் ஒருவர். சங்ககிரி அருகே அக்கம்மாபேட்டையில் பிறந்த ஏ.பி. நாகராஜன், சிறுவனாக இந்தக் குழுவில் பெண் வேடம் போட்டவர். 1958-ல் 'சம்பூர்ண ராமாயணம்' படத்துக்கு அவர் வசனம் எழுத, ராவணனாக நடித்தவர் பழைய முதலாளிகளில் ஒருவரான பகவதி. அந்த ராவணனை அதற்குப் பிறகு வந்த யாரும் மிஞ்சவில்லை என்பதே பெரியவர்கள் பலரின் கட்சி.

சகோதரர்களும் படங்களில் நடித்தார்கள். 'கப்பலோட்டிய தமிழன்' (1961) படத்தில் சுப்பிரமணிய சிவா சண்முகம்தான். ஆனாலும் மேடையை விடவில்லை. 1942-ல் முப்பது வயது ஆணான சண்முகம், தள்ளாத கிழவி ஒளவையாராக மேடை ஏறினார். அந்த வேடமே அவர் பெயராகி, அவ்வை சண்முகம் ஆனார். ஆனால் 1953-ல் ஜெமினி 'ஒளவையார்' எடுத்தபோது நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். 1955-ல் சகோதரர்கள் மேடையேற்றிய அரு. ராமநாதனின் 'ராஜராஜ சோழன்' கதையும் அப்படித்தான். அதைத் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக 1973-ல் இயக்கியவர் அதே ஏ.பி. நாகராஜன், நாயகன் சிவாஜி. சண்முகம் அந்த வருஷம் பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார்.

சென்னையில் லாயிட்ஸ் ரோடு பின்னர் அவ்வை சண்முகம் சாலை ஆனது. சிறுவனாக இருந்தபோது அவரிடம் நாடகம் பழகிய கமல்ஹாசன், 1996-ல் தான் மாமி வேடம் போட்ட படத்துக்கு வைத்த பெயர் 'அவ்வை சண்முகி'.