கழுவினால்தான் படம்

நாலந்தாச் சந்தியில் மாத்தளை பஸ்ஸை விட்டு இறங்கியதும் பதினான்காவது படத்தை எடுத்தேன். தேத்தண்ணிக் கடை முதலாளி வடியை உயர்த்திப் பிடித்துச் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஷட்டர் விழுந்த சத்தத்துக்கு நிமிர்ந்து, கையைத் துடைத்தபடி வந்தார்.

"எங்க தம்பி, காட்டுங்க பாப்பம்."

கெமராவின் முதுகைத் திருப்பிக் காட்டினேன். கறுப்பு மூடி.

"இன்னும் கழுவல்ல ஐயா."

"ஓ, பிலிம் போடுற கெமராவா!" என்று முகம் மலர்ந்தார்.

கழுவுவது. எடுத்தவுடன் படம் கிடையாது, தண்ணீரில் இறங்கி எழுந்தால்தான் படம் என்பதை நம் பேச்சில் அந்த ஒரு சொல்லே சொல்லிவிடும். கைபேசியில் எடுப்பதும் பார்ப்பதும் ஒரே நொடியில் முடிந்துபோக, ஊர் ஸ்டூடியோக்களோடு அந்தச் சொல்லும் மறைந்துவருகிறது. நான் இன்னும் பழைய பென்டாக்ஸ் கே1000-ஐத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக அலைவது அதற்குள் கிடக்கும் பிலிம் சுருளுக்காகத்தான்.

இந்தச் சுருள் பிறந்தது இங்கிலாந்தில், மொபர்லி என்ற ஊரிலுள்ள இல்ஃபோர்ட் ஆலையில். எச்பி5 பிளஸ், கறுப்பு வெள்ளை, 400 வேகம். ஒளியைப் பிடிப்பது வெள்ளி உப்பு. அந்த உப்பைத் தாங்கி நிற்பது மாட்டெலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கும் ஜெலட்டின். சில ஜெலட்டின் மட்டும் ஏன் ஒளியை நன்றாகப் பிடிக்கிறது என்று 1920களில் கொடாக் ஆய்வுகூடத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் தேடிப்போனார். தேடல் கடைசியில் கடுகில் போய் முடிந்தது. மாடு மேய்ந்த கடுகுச் செடியின் கந்தகச் சேர்மம்தான் வெள்ளி உப்புக்குக் கூர்மையைக் கொடுத்திருக்கிறது. அரைத்த கடுகு மூக்கில் ஏறுகிறதே, அதே காரம்! இதைப் படித்த நாளிலிருந்து அம்மியில் கடுகு அரைபடும்போதெல்லாம் எனக்குப் பிலிம் நினைவுதான்.

சுருளின் 35 மில்லிமீட்டர் அகலம் சினிமாவிலிருந்து வந்தது. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்து ஒஸ்கார் பர்னாக் அந்தச் சினிமாப் பிலிமைக் கையடக்கப் பெட்டிக்குள் படுக்கவைத்து ஓடவிட்டார். 1925இல் லைப்சிக் சந்தைக்கு அந்தப் பெட்டி லைக்கா என்ற பெயரில் வந்தது. அதன்பிறகுதான் முக்காலியை விட்டுவிட்டுத் தெருவில் நடந்தபடி படமெடுப்பது வழக்கமாயிற்று.

அந்த லைக்கா கொழும்புக்கும் வந்து சேர்ந்தது. 1930களில் அதை ஏந்தியவர் லயனல் வென்ட். சட்டம் படித்தவர், பியானோ கலைஞர். மீனவரையும் வயலையும் நடனக்காரரையும் அவர் பார்த்த பார்வையை இன்றைக்கும் மிஞ்ச ஆளில்லை என்பேன். 1944இல், நாற்பத்து நான்கு வயதில் இறந்துபோனார். அவருடைய நெகடிவ்களோ அதன்பின் அழிக்கப்பட்டன. மிஞ்சிய பிரதிகளிலிருந்து 1950இல் ஒரு புத்தகம் வந்தது. புத்தகம் இருக்கிறதே என்று மனம் ஆறவில்லை. அந்த மனிதர்களின் மேல் பட்டுத் திரும்பிய வெளிச்சம் நேரடியாக வந்து விழுந்தது நெகடிவில். பிரதி அதன் பிள்ளை. தாயை அல்லவா தொலைத்துவிட்டோம்!

மலையகத் தமிழர்களான எங்களுக்குப் பிலிம் வேறொரு வகையில் நெருக்கம். கோப்பித் தோட்டங்களுக்கு வந்த மூத்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தது இந்தப் பக்கமாகத்தான். 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதிவிட்டார்கள். போனவர்கள் கடவுச்சீட்டுக்குப் படம் பிடித்தார்கள். பல குடும்பங்களில் அதுவே முதல் படம். அவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரித் தேயிலையில் போய்ச் சேர்ந்தார்கள். அதே நீலகிரியில், 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967இலிருந்து 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. கூடலூரில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மாத்தளைக்காரிக்கு, மலைக்கு அந்தப்புறம் ஊட்டியில் பிலிம் பிறப்பது தெரிந்திருக்குமோ என்னவோ. எண்ணிப் பார்க்கையில் நெஞ்சு கனக்கிறது. இன்று அந்த ஆலையும் மூடிக் கிடக்கிறது.

ஆகவே சுருள் இப்போது லண்டனிலிருந்து, சித்தப்பா மகனின் கைப்பையில் வருகிறது. விமான நிலையங்களில் புதிதாக வந்திருக்கும் சிடி ஸ்கேனருக்குள் போனால் பிலிம் புகை படிந்ததுபோல் மங்கிவிடும். கையால் பாருங்கள் என்று ஒவ்வொரு வாயிலிலும் கெஞ்ச வேண்டும்.

சந்தியிலிருந்து கெடிகேக்கு நடந்தேன். எட்டுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் எழுந்த சிறிய கற்கோயில். பல்லவர் கட்டுமானத்தை நினைவூட்டும் உருவம், பௌத்த வழிபாடு. மகாவலித் திட்டத்தில் போவதென்ன நீர்த்தேக்கம் வந்தபோது, நீர் ஏறும் இடத்திலிருந்து அதைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் மறுபடி அடுக்கினார்கள். அணைக்கரையில் நின்று பார்த்தால் மூன்று பக்கமும் தண்ணீர். பழைய இடத்தில் இதே கல்லில் இன்னொரு விதமாக வெயில் விழுந்திருக்கும். அங்கே ஐந்து படம். ஒன்றில், கல்வாசலில் சப்பாத்தைக் கழற்றிவைக்கக் குனியும் ஒரு பெண்பிள்ளை.

வீட்டில் கழுவினேன். மருந்துக் கரைசல் 20 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும், மாத்தளைக் குழாய்த் தண்ணீரோ அதைவிடச் சூடு. ஐஸ் போட்ட வாளிக்குள் போத்தலை நிறுத்தி, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து இறக்கினேன். ஐடி-11 மருந்தில் ஏழரை நிமிடம், நிமிடத்துக்கொரு முறை தொட்டியைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு ஹைப்போ, பிறகு நல்ல தண்ணீர். கொடியில் உடுப்புக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டபோது, பதினான்காவது கட்டத்தில் சாயம் வெள்ளைக் கோடாக விழுந்துகொண்டிருந்தது.

அடுத்த மாதம் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு மேசையைத் துடைத்து, அதன்மேல் கவிழ்த்து வைத்தார்.

"பின்னுக்குத் திகதி போட்டுத் தாங்க தம்பி."

பென்சிலால் எழுதினேன்.