அரசமைப்புச் சட்டப் போட்டியில் கேட்கப்படாத கேள்வி

நவம்பர் 26 நெருங்கினால் போதும், தக்கலை வட்டாரப் பள்ளிகளிலும் மற்ற ஊர்களைப் போலவே முகப்புரை வாசிப்பு, வினாடி வினா, பேச்சுப் போட்டி என்று களைகட்டிவிடும். 1949இல் அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்ட அந்த நாளை, 2015இல் ஒன்றிய அரசு அரசமைப்புச் சட்ட நாளாக அறிவித்தது. அன்று முதல் இந்தப் போட்டிகள் நடக்கின்றன. வரைவுக் குழுவின் தலைவர் யார்? அண்ணல் அம்பேத்கர். தொடக்கத்தில் எத்தனை சட்டப்பிரிவுகள்? 395. தீண்டாமையை ஒழித்த பிரிவு எது? 17. பிள்ளைகள் மளமளவென்று சொல்லிப் பரிசு வாங்குகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் 17 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அது ஏன் தேவைப்பட்டது? அதை யாரும் கேட்பதில்லை.

விடை தேடி டெல்லிக்குப் போக வேண்டாம். தக்கலையிலிருந்து நடந்தே போகக்கூடிய பத்மநாபபுரத்தில் இருக்கிறது.

இன்று சுற்றுலாப் பயணிகள் அரண்மனை பார்க்கப் போகும் பத்மநாபபுரம், ஒருகாலத்தில் திருவிதாங்கூரின் தலைநகரம். அந்த நாட்டில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கத் தடை இருந்தது. 1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் மேலாடை அணிந்த நாடார் கிறித்தவப் பெண்களைச் சாதி ஆதிக்கக்காரர்கள் தாக்கினார்கள். 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் அந்தப் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. ஆறே ஆண்டுகளில், 1829 பிப்ரவரியில், அரச விளம்பரம் ஒன்று வந்து மேலாடை கூடாது என்றது. மீண்டும் கலவரம் மூண்டு, சென்னை ஆளுநரின் நெருக்குதலும் சேர்ந்த பிறகு, 1859 ஜூலை 26இல் இன்னொரு விளம்பரம் வந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றது அது.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். 1823இல் கொடுத்தார்கள், 1829இல் பறித்தார்கள், 1859இல் பாதியைத் திருப்பித் தந்தார்கள். அரசர் மனம் வைத்துத் தருவது அருள். அதை அவரே திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். அதற்கு உரிமை என்று பெயர் இல்லை.

அந்த அருளும் எல்லோருக்கும் வரவில்லை. புலையரும் பறையரும் சட்டப்படி அடிமை நிலையிலிருந்து விடுபட்டதே 1855இல்தான். 1859 விளம்பரம் பேசியது நாடார் பெண்களைப் பற்றி; தலித் பெண்களைப் பற்றி அல்ல. 1915இல் கொல்லம் அருகே பெரிநாட்டில், அய்யன்காளியின் அழைப்பை ஏற்ற புலையர் பெண்கள், அடிமைச் சின்னமாகக் கழுத்தில் கிடந்த கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். யாருடைய விளம்பரத்துக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. தெருவில் நடப்பதற்கும் போராட்டம்தான் வேண்டியிருந்தது. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் நடந்தது. 1936இல் வந்த கோயில் நுழைவு விளம்பரமும் அரசரின் பெயரில் வந்ததுதான்.

1948 நவம்பர் 29. அரசமைப்பு நிர்ணய மன்றத்தில் வரைவின் 11ஆம் பிரிவு விவாதத்துக்கு வந்தது. பின்னாளில் 17 என்று எண் மாறிய பிரிவு அதுதான். அன்று பேசியவர்களில் ஒருவர் தாட்சாயணி வேலாயுதன். கொச்சியில் புலையர் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாகாணத்திலிருந்து மன்றத்துக்குத் தேர்வானவர். அந்த மன்றத்தின் ஒரே தலித் பெண் உறுப்பினர். பிரிவு அன்றே நிறைவேறியது.

அரச விளம்பரத்துக்கும் 17ஆம் பிரிவுக்கும் என்ன வேறுபாடு? தீண்டாமையைக் கடைப்பிடிப்பதே குற்றம் என்கிறது 17. அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்கிறது 13. உரிமை பறிபோனால் நேராக உச்ச நீதிமன்றம் போகலாம் என்கிறது 32. அதைத்தான் அண்ணல் இந்தச் சட்டத்தின் இதயமும் ஆன்மாவும் என்றார். 15(2) கடை, கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. சுசீந்திரம் வீதியை அறிந்த பிள்ளைக்கு அந்தப் பட்டியலில் சாலை ஏன் இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. நம் பக்கத்து மாவட்டத்தில், நாங்குநேரியில், 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்கள். அதன் பிறகுதான் நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. வெட்டியவர்களும் பள்ளியில் 17ஆம் பிரிவைப் படித்திருப்பார்கள். மனப்பாடம் செய்த எண் அவர்கள் கையைத் தடுக்கவில்லை.

ஆகவே ஆசிரியர்களாகப் போகும் மாணவத் தோழர்களுக்கும், மாலை நேரப் படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த நவம்பரில் வினாத்தாளில் இப்படியும் கேளுங்கள்: 1823இல் கிடைத்தது 1829இல் எப்படிப் பறிபோனது? இன்று அதே போல ஓர் ஆணை வந்தால் எந்தப் பிரிவைக் காட்டி எதிர்ப்பாய்? உன் ஊரில் எந்தக் கிணறு, எந்தத் தெரு, எந்தச் சுடுகாடு யாருக்கு மறுக்கப்பட்டது? பாட்டியிடம் கேட்டு எழுதி வா. 395 என்று சொன்ன பிள்ளைக்குக் கொடுக்கும் அதே பரிசை, பாட்டியிடம் கேட்டு எழுதி வந்த பிள்ளைக்கும் கொடுங்கள்.

ஜெய் பீம்!