ஸ்லீப்பிங் பேக்: புரண்டு படுக்க எவ்வளவு இடம் வேண்டும்?

மலையேறவும் முகாம் போடவும் கிளம்புகிறவர்கள் ஸ்லீப்பிங் பேக் வாங்கக் கடைக்குப் போனால் இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று நீள்சதுரமாக, தாராளமாக இருக்கும். கை காலை நீட்டலாம், புரளலாம். இன்னொன்று தோளில் அகன்று காலில் குறுகி, எகிப்திய மம்மி மாதிரி ஆளை இறுக்கிப் பிடிக்கும். உள்ளே நுழைந்து பார்த்தால் யாருக்கும் முதல் வகைதான் பிடிக்கும். கூடக் கொஞ்சம் இடம் இருந்தால் என்ன நஷ்டம்?

இந்தக் கேள்விக்கு ஒரு எழுத்தாளர் கழுதை வாங்கி விடை கண்டார். வேறு சிலர் துருவப் பனியில் படுத்து விடை கண்டார்கள்.

எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன். 'டிரெஷர் ஐலண்ட்' எழுதிப் புகழ்பெறுவதற்கு முன்னால், 1878-ல், 27 வயதில், தெற்கு பிரான்சின் செவென் மலைப்பகுதியில் நடைப்பயணம் போக முடிவு செய்தார். கூடாரம் வேண்டாம் என்று நினைத்தார். அடிப்பதும் தொல்லை, பிரிப்பதும் தொல்லை, இங்கே ஒருவன் தூங்குகிறான் என்று வழிப்போக்கர்களுக்கெல்லாம் அறிவிக்கவும் செய்யும். அதனால் தன் யோசனைப்படி ஒரு பை தைக்கச் சொன்னார். வெளியே வண்டிகளை மூடும் பச்சை நிறத் தார்ப்பாய், உள்ளே நீல நிற ஆட்டு ரோமம். விரித்தால் ஏறக்குறைய ஆறடிக்கு ஆறடி! ஒருவர் சுகமாகப் புரளலாம், அவசரத்துக்கு இருவர்கூடப் படுக்கலாம்.

தைத்து முடித்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. அவ்வளவு பெரிய பையை மனிதன் முதுகில் சுமக்க முடியாது. ஆகவே ஒரு கழுதை வாங்கினார். அதுதான் அவருடைய பயண நூலால் புகழ்பெற்ற மொடஸ்டின். பைக்கு ஆன செலவு 80 ஃப்ராங்கும் இரண்டு கோப்பை பீரும். கழுதைக்கு 65 ஃப்ராங்கும் ஒரு கோப்பை பிராந்தியும். படுக்கையைவிடக் கழுதை மலிவு! படுக்கைக்கு ஒட்டுறுப்பாக வந்ததுதானே, அதுதான் நியாயம் என்று அவரே கேலியாக எழுதினார். 12 நாள் நடந்து முடித்தபோது கழுதையைச் சேணத்தோடு 35 ஃப்ராங்குக்கு விற்றார். பிரிந்த பிறகு அதை நினைத்து அழவும் செய்தார்.

ஸ்லீப்பிங் பேக் அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. 1860-களிலேயே ஃபிரான்சிஸ் ஃபாக்ஸ் டக்கெட் என்ற ஆங்கிலேய மலையேறி, கம்பளித் துணியும் அடியில் ரப்பர் பூச்சுத் துணியும் வைத்துத் தைத்த பையை ஆல்ப்ஸ் மலையில் சோதித்திருந்தார். வேல்ஸ் நாட்டு வணிகர் பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ் 1876-ல் தன்னுடைய பைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு கம்பளியை மடித்து மூடிக்கொள்ளும்படி செய்து, ஊதித் தலைக்கு வைக்கும் தலையணையும் சேர்த்திருந்தார். அதற்கு ரஷ்ய ராணுவத்திலிருந்து 60,000 ஆர்டர் வந்தது என்பார்கள். முழுவதும் அனுப்பி முடிப்பதற்குள் பிளெவ்னா நகர் வீழ்ந்துவிட, ஆர்டர் ரத்தானது. ஆனால் இவை எல்லாம் மிதமான குளிருக்கானவை. உண்மையான பரீட்சை துருவங்களில்தான் நடந்தது.

அங்கே போவதற்கு முன் ஒரு சின்ன விஞ்ஞானம். ஸ்லீப்பிங் பேக் யாரையும் சூடாக்குவதில்லை. சூடு உடம்பிலிருந்துதான் வருகிறது. பை அதை வெளியே போகவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். பைக்குள் காலியிடம் அதிகமானால், புரளும்போதெல்லாம் உள்ளே இருக்கும் காற்று அசைந்து வாய் வழியே வெளியேறும். உடம்பு மறுபடி புதுக்காற்றைச் சூடாக்க வேண்டும். சரி, நன்றாக இறுக்கமான பை வாங்கிவிடலாமா? அதுவும் தப்பு. தோளும் முட்டியும் உள்ளே இருக்கும் இறகை நசுக்கினால் அந்த இடத்தில் காற்று தங்காது, குளிர் நேரே ஏறும். இன்றைய பைகளில் அச்சிடும் வெப்ப அளவுகள் ஐஎஸ்ஓ 23537 என்ற தரப்படி, சூடேற்றிய பொம்மையைப் பைக்குள் கிடத்தி அளந்து கணக்கிட்டவை. உயரம் குறைந்த ஒருவர் ஆறரை அடி ஆளுக்கான பையை வாங்கிக்கொண்டு அந்த எண்ணை நம்புவது சரியல்ல.

காலியிடத்தைச் சூடாக்க இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொண்டால்? நார்வேயின் ஃபிரிட்யோஃப் நான்சென் அதைத்தான் செய்தார். 1895 மார்ச் 14 அன்று அவரும் யால்மர் யோஹான்சென்னும் 'ஃப்ராம்' கப்பலை விட்டு வடதுருவம் நோக்கிப் புறப்பட்டார்கள். இருவருக்கும் சேர்த்து ரெயின்டீர் தோலில் ஒரே பை. பகலில் வேர்வை உறைந்து உடுப்பெல்லாம் இரும்புக் கவசம் போலாகிவிடும். இரவில் பைக்குள் ஒருவரையொருவர் ஒட்டிப் படுத்து, பல் கிட்டித்தபடி அது உருகக் காத்திருப்பார்கள். உருகிய நீரெல்லாம் பையிலேயே ஊறும். துருவத்தை எட்ட முடியாமல் திரும்பி, ஃபிரான்ஸ் ஜோசப் தீவுகளில் ஒரு குடிசை கட்டிக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அங்கே தனித்தனியாகப் படுத்துப் பார்த்தார்கள். முடியவில்லை. திரும்பவும் ஒன்றாகவே படுத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ஒன்பது மாதம் இப்படி ஒட்டிக்கொண்டு தூங்கியும் இருவரும் ஒருவரையொருவர் 'நீங்கள்' என்றுதான் அழைத்து வந்தார்கள். 'இனி நீ என்றே கூப்பிடலாமே' என்று நான்சென் சொன்னது 1895-ன் கடைசி நாளில்தான்!

தென்துருவம் போன பிரிட்டிஷ்காரர்கள் மூன்று பேர் பையை முயன்றார்கள். ஷாக்கில்டனின் 1907-09 பயணத்தில் தென் காந்தத் துருவத்தைத் தேடிப்போனவர்கள் சிட்னிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்ஜ்வொர்த் டேவிட், அவருடைய முன்னாள் மாணவர் டக்ளஸ் மாசன், டாக்டர் மக்காய். 122 நாள், சுமார் 2,000 கி.மீ., மூவருக்கும் ஒரே பை. ஒருவர் புரண்டால் மூவரும் புரள வேண்டும். வாத்தியாரோடு ஒரே போர்வையில் நாலு மாதம் என்று கற்பனை செய்து பாருங்கள்! பேராசிரியருக்கு 50 வயது. உடுப்பின் மேல் உடுப்பாகப் போட்டுக்கொண்டு அவர் இடத்தை அடைத்துக்கொள்வதைப் பற்றி மாணவர் டைரியில் குறைப்பட்டுக்கொண்டார்.

அந்தப் பெரிய பைக்கு வேறொரு உபயோகமும் இருந்தது. 24 மணி நேரமும் வெயில் அடிக்கும் கோடையில் இருட்டான இடம் அது ஒன்றுதான். 1908 டிசம்பரில் ஒரு நாள் மாசன் பைக்குள் புகுந்து கேமரா பிளேட்டுகளை மாற்றிக்கொண்டிருந்தார். வெளியே போன பேராசிரியர், வேலையாக இருக்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றார் மாணவர். சற்று நேரத்தில் மறுபடி அதே கேள்வி, அதே பதில். கடைசியில்தான் பேராசிரியர் மிகவும் தயங்கி, தான் ஒரு பனிப்பிளவின் விளிம்பைப் பிடித்துத் தொங்குவதாகவும் இனி அதிக நேரம் தாங்காது என்றும் தெரிவித்தார். மாசன் ஓடிப்போய்த் தூக்கிவிட்டார்.

தனித்தனிப் பைகளின் கதை இதைவிடக் கொடுமை. 1911 ஜூன் 27 அன்று ஸ்காட்டின் முகாமிலிருந்து எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி-கரார்ட் மூவரும் எம்பரர் பென்குயின் முட்டை எடுக்கக் கேப் குரோசியருக்குக் கிளம்பினார்கள். அண்டார்டிகாவின் நடுக்குளிர்காலம், இரவும் பகலும் இருட்டு. போக மட்டும் 19 நாள். ஒரு நாள் குளிர் மைனஸ் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மூக்கை வெளியே விட முடியாததால் பைக்குள்ளேயே மூச்சுவிட்டார்கள். மூச்சும் வேர்வையும் ரோமத்தில் பனிக்கட்டியாயின. இரவில் உறைந்த பையை உடம்புச் சூட்டால் அங்குலம் அங்குலமாக உருக்கித்தான் உள்ளே நுழைய முடிந்தது. பின்னாளில் பைகளைச் சுருட்டவே முடியாமல் வண்டியில் நீட்டி வைத்து இழுத்தார்கள்.

ஆனால் மூவரில் பவர்ஸ் மட்டும் குறட்டைவிட்டுத் தூங்கினார். குள்ளமான, கட்டுமஸ்தான மனிதர். அவருடைய பை அவருக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியிருந்தது என்று செர்ரி-கரார்ட் பின்னால் எழுதினார். உள்ளுறை ஒன்றைச் சேர்த்திருந்தால் பவர்ஸுக்கு அது சிறிதாகிப்போயிருக்குமாம். பையை உள்வெளியாகத் திருப்பிப் பனியை உதறும் பழக்கமும் அவருக்கு இருந்தது. செர்ரி-கரார்டோ இரவெல்லாம் முதுகெலும்பு முறிவது போல நடுங்கிக்கொண்டு, பக்கத்திலிருந்து வரும் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பவர்ஸிடம் வாத்தின் மென்சிறகு அடைத்த உள்ளுறை ஒன்று பயன்படுத்தாமலே இருந்தது. 'நீ எடுத்துக்கொள்' என்று பல தடவை நீட்டினார். செர்ரி-கரார்ட் மறுத்துக்கொண்டே வந்தார். பிறகு புயலில் அவர்களுடைய கல் குடிசையின் கான்வாஸ் கூரை கிழிந்து பறந்தது, கூடாரமும் பறந்தது. இரண்டு நாள் இரண்டு இரவு சாப்பாடில்லாமல் பைக்குள்ளேயே கிடந்தார்கள். அதில் ஒரு நாள் வில்சனின் பிறந்தநாள். புயல் ஓய்ந்து, கூடாரம் அரை மைல் தள்ளி அகப்பட்டதால் பிழைத்தார்கள். திரும்பும் வழியில் செர்ரி-கரார்ட் அந்த உள்ளுறையை வாங்கிக்கொண்டார். வாங்கும்போது மனசு கூசியதாம்.

ஆகஸ்ட் 1 அன்று மூன்று முட்டைகளோடு முகாம் திரும்பினார்கள். பைகளை நிறுத்துப் பார்த்தார்கள். கிளம்பும்போது 7.7 கிலோ இருந்த வில்சனின் பை 18 கிலோ. அதே 7.7 கிலோவாக இருந்த பவர்ஸின் பை 15 கிலோ. 8.2 கிலோ இருந்த செர்ரி-கரார்டின் பை 20.4 கிலோ. மூன்றிலும் சேர்த்து 30 கிலோ பனிக்கட்டி!

அடுத்த ஆண்டு, 1912 நவம்பர் 12 அன்று, ஸ்காட் குழுவைத் தேடிப்போனவர்களில் செர்ரி-கரார்டும் இருந்தார். பனி மூடிய கூடாரத்துக்குள் மூன்று பைகள். வில்சனும் பவர்ஸும் மூடிய பைகளுக்குள் தூங்குவது போலக் கிடந்தார்கள். நடுவில் ஸ்காட்டின் பை மட்டும் திறந்திருந்தது.