‘நாளை மின்தடை’

செய்தித்தாளில் ‘நாளை மின்தடை’ என்ற தலைப்பைப் பார்த்ததும் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி வைக்கிறோம். அதே வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ‘மின்தடையின் அலகு ஓம்’ என்று படித்துக்கொண்டிருக்கும். செய்தித்தாளின் மின்தடையில் மின்னோட்டமே கிடையாது. பாடப்புத்தகத்தின் மின்தடையையோ மின்னோட்டம் இருந்தால்தான் கணக்கிட முடியும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வருவது அது. ஓட்டம் சுழி என்றால் வகுக்கவே வழியில்லை. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நிலைகளுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறோம்.

சொல்லின் இரு பாதிகளும் பழையவை. ‘மின்’ என்றால் ஒளிர்வது. மின்னலிலும் மின்மினியிலும் இருப்பது அதுதான். ‘தடை’ என்பது ‘தடு’ என்ற வினையிலிருந்து வந்தது. தடை என்றதும் இன்று நம் மனத்தில் எழுவது மூடிய கதவு. உரையாசிரியர்கள் அதை அப்படி மட்டும் வழங்கவில்லை. ‘தடை விடை’ என்று இணைத்துச் சொன்னார்கள். தடை எழும், அதற்கு விடை வரும், பொருள் மேலே நகரும். மின்னியலுக்கு வேண்டியது இந்தத் தடைதான்: ஓட்டம் நிற்காது, ஆனால் கடப்பதற்கு விலை கொடுக்க வேண்டும்.

அந்த விலையை அளந்து காட்டியவர் கேயார்க் சைமன் ஓம். 1789-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், பூட்டு செய்யும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். கொலோன் நகரப் பள்ளி ஆசிரியர். 1825-ல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் தவறாகப் போயிற்று. அவர் பயன்படுத்திய மின்கலத்தின் வலிமை நிலையாக இல்லாததே காரணம். இயற்பியலாளர் பொக்கெண்டார்ஃப் சொன்ன யோசனைப்படி கலத்தை விட்டுவிட்டு, செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த இணைப்புகளில் ஒன்றைக் கொதிக்கும் நீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்பநிலை வேறுபாடு மாறாததால் மின்னழுத்தமும் மாறவில்லை. பிறகு வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து ஓட்டத்தை அளந்தார். விதி கைக்கு வந்தது. 1827-ல் அதை நூலாக எழுதினார்.

அந்த நூலில் ஓம் கணக்கின் நடுவில் வைத்த அளவுக்குப் பெயர் ‘குறுக்கிய நீளம்’. கம்பியின் நீளத்தை அதன் குறுக்குப் பரப்பாலும் கடத்தும் தன்மையாலும் வகுத்துக் கிடைப்பது அது. இன்று நாம் தடை என்பதை அவர் ஒரு தூரமாகவே கண்டார். நல்ல பார்வை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1860-ல் வெர்னர் சீமென்ஸ் தந்த அலகும் ஒரு நீளம்தான்: 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள 1 மீட்டர் பாதரசத் தம்பம்.

பெயர்கள் நிலைபெறச் சில காலம் ஆனது. 1861-ல் பிரிட்டனில் லாட்டிமர் கிளார்க்கும் சார்லஸ் பிரைட்டும் ‘ஓமா’ என்ற பெயரை முன்வைத்தபோது அதை மின்னழுத்தத்துக்கே வைத்தார்கள். 1881-ல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாட்டில்தான் தடைக்கு ஓம், அழுத்தத்துக்கு வோல்ட், ஓட்டத்துக்கு ஆம்பியர் என்று உறுதியானது. இரண்டு ஆண்டு கழித்து வில்லியம் தாம்சன், தடையின் தலைகீழான கடத்துதிறனுக்கு, ஓம் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டு ‘மோ’ என்றார். தமிழில் எழுதும்போது இந்த ஓம் ஓங்காரத்தைப் போலவே இருக்கிறது. இரண்டுக்கும் உறவில்லை, ஒரு மனிதரின் குடும்பப் பெயர் அது.

தடை செய்யும் வேலையைப் பார்க்க இஸ்திரிப்பெட்டி போதும். உள்ளே நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பி. 230 வோல்ட்டில் 1000 வாட் பெட்டி என்றால், வாட்டை வோல்ட்டால் வகுக்க ஓட்டம் சுமார் 4.35 ஆம்பியர். வோல்ட்டை அந்த ஓட்டத்தால் வகுக்கத் தடை ஏறக்குறைய 53 ஓம். துணியின் சுருக்கத்தை நீக்கும் சூடு அந்த 53 ஓமில் பிறக்கிறது. மாலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிட்டால்? ஓட்டமும் அதே விகிதத்தில் குறையும். இரண்டையும் பெருக்கினால் 610 வாட்டை ஒட்டித்தான் கிடைக்கும். கால்பங்குக்கும் குறைவாகவே அழுத்தம் இறங்கியிருக்க, சூடு ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. பெட்டி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

குண்டு பல்பு இன்னும் நுட்பமானது. 60 வாட் பல்பு எரியும்போது கணக்குப்படி தடை 880 ஓமுக்குச் சற்று மேல். அணைத்து, ஆறவிட்டு, கழற்றி மல்ட்டிமீட்டரில் வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இழை சூடேறும்போது டங்ஸ்டனின் தடை பல மடங்கு ஏறுகிறது. மீட்டரில் பிழையில்லை, சூத்திரத்திலும் பிழையில்லை. பல்பு பெரும்பாலும் போட்ட அந்தக் கணத்திலேயே ஃபியூஸ் ஆவதற்கும் இந்தக் குறைந்த குளிர்தடை ஒரு காரணம்: முதல் கணத்தில் ஓட்டம் பாய்ந்து வருகிறது.

இப்படி உழைக்கும் ஒரு சொல்லை, வேலையே நடக்காத நேரத்துக்கும் வழங்குவது மாணவரைக் குழப்புகிறது. தடை என்றால் மின்சாரம் வராது என்ற எண்ணத்தோடு வகுப்புக்குள் நுழையும் பிள்ளைக்கு, தடையால்தான் ஹீட்டர் சுடுகிறது என்பதை நம்பக் கடினமாக இருக்கும். மின்சாரம் வராத நேரத்துக்கு ‘மின்வெட்டு’ என்ற தெளிவான சொல் மக்கள் வாயில் இருக்கிறது. பராமரிப்புக்காக நிறுத்துவதை ‘மின் நிறுத்தம்’ என்றும் எழுதிவருகிறார்கள். செய்தி ஆசிரியர்களே, அறிவிப்பு எழுதும் மின்வாரிய அலுவலர்களே, இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு ‘மின்தடை’யைப் பாடப்புத்தகத்துக்கு விட்டுக்கொடுங்கள்.