பல்லுக்கு மட்டும் தனிக்கணக்கு

1951 ஏப்ரலில் பிரிட்டனில் ஓர் அமைச்சர் பதவி விலகினார். காரணத்தைக் கேட்டால் சிரிப்புதான் வரும்: பல்செட்டும் மூக்குக்கண்ணாடியும்.

அவர் அனியூரின் பெவன். வேல்ஸின் சுரங்க ஊரில் பிறந்து, பதின்மூன்று வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். 1948 ஜூலை 5 அன்று தேசிய மருத்துவச் சேவையை, அதாவது என்.எச்.எஸ்ஸைத் தொடங்கிவைத்த சுகாதார அமைச்சர். யார் வேண்டுமானாலும் போகலாம், சிகிச்சை நேரத்தில் யாரும் காசு கேட்கக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. மூன்றே வருடம். கொரியப் போர் வந்தது, ராணுவச் செலவு ஏறியது. அதே தொழிற்கட்சியின் நிதியமைச்சர் ஹியூ கேட்ஸ்கெல், பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலையை மக்களே தரட்டும் என்று பட்ஜெட்டில் அறிவித்தார். அந்த வருடம் அதனால் கிடைக்கப்போவது ஏறக்குறைய 1.3 கோடி பவுண்டு. பட்ஜெட்டோ 400 கோடி பவுண்டைத் தாண்டியது. இந்தச் சில்லறைக்காகவா கதவைத் திறக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு பெவன் வெளியேறினார். கூடவே ஹரால்ட் வில்சனும் ஜான் ஃப்ரீமனும்.

ராணுவச் செலவு மீதான கோபம், கேட்ஸ்கெல்மீது இருந்த தனிப்பட்ட உரசல் என்று வேறு காரணங்களையும் வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். கதவு விஷயத்தில் பெவன் சொன்னது அப்படியே நடந்தது. அடுத்த வருடம் ஆட்சிக்கு வந்திருந்த கன்சர்வேடிவ்கள் பல் சிகிச்சைக்கே ஒரு பவுண்டு கட்டணம் வைத்தார்கள். அந்தக் கட்டணம் இங்கிலாந்தில் இன்றுவரை போகவில்லை, ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் சிலருக்கும் விலக்கு உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே இங்கிலாந்தில் இதயத்தைத் திறந்து அறுவைசிகிச்சை செய்தால் இன்றும் காசில்லை. தொண்டைவலிக்கு டாக்டரைப் பார்த்தாலும் காசில்லை. தொண்டைக்கு இரண்டு அங்குலம் முன்னால் இருக்கும் பல்லுக்கு மட்டும் தனிக்கணக்கு.

ஏன் பல்? இதைப் புரிந்துகொள்ள அந்தக் கால பிரிட்டிஷ் வாய்க்குள் கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும். மலிவான சர்க்கரை, தொழிலாளர் வீட்டுத் தேநீரிலும் ஜாமிலும் கரைந்து பற்களைத் தின்றுகொண்டிருந்தது. போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, பல் சரியில்லை என்றே கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. வலிக்கும் பல்லைப் பிடுங்குவதுதான் ஏழைக்குக் கட்டுப்படியான ஒரே வைத்தியம். ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒவ்வொரு முறையும் கூலியை இழப்பதைவிட, மொத்தமாகப் பிடுங்கிவிட்டு செட் மாட்டிக்கொள்வது சிக்கனம். கல்யாணத்துக்கு முன் பெண்ணின் பற்களை முழுக்க எடுத்து, புது பல்செட் வாங்கித் தருவது சில ஊர்களில் பரிசாகவே இருந்தது என்பார்கள். வரப்போகும் கணவனுக்கு எதிர்காலச் செலவு மிச்சம் என்ற கணக்கு. படிக்கும்போது எனக்குக் கூசியது, ஆனால் அந்தக் கணக்கில் தப்பில்லை.

இப்படி ஒரு நாட்டில், நாளை முதல் பல் வைத்தியம் இலவசம் என்று சொன்னால் என்ன ஆகும்? அணை உடைந்தது. பல்செட் கேட்டு வந்த விண்ணப்பங்கள், ஈஸ்ட்போர்ன் என்ற கடற்கரை ஊரில் இருந்த மதிப்பீட்டு வாரியத்தில் மலையாகக் குவிந்தன. பல் மருத்துவருக்குச் சம்பளம் கிடையாது. செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விலை. ஆகவே அவர்கள் ராத்திரி பகலாக உழைத்தார்கள், அரசு நினைத்ததைவிடப் பல மடங்கு சம்பாதித்தார்கள். மிரண்டுபோன அரசு, அடுத்தடுத்து கட்டண விகிதங்களை வெட்டியது. இதற்கிடையில் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பார்த்துவந்த மருத்துவர்கள் நல்ல வருமானம் தேடி வெளியே போய்விட, பள்ளிச் சேவை ஆட்டம் கண்டது. பாட்டிகளுக்கு செட் கிடைத்தது, பேரன்களின் சொத்தைப்பல் அப்படியே நின்றது.

தேங்கிய வெள்ளம் வடிந்துவிட்டால் செலவு தானாகக் குறையும் என்பது அன்றைய நம்பிக்கை. பல்லைப் பொறுத்தவரை அது ஒரு விதத்தில் சரி. பல்லே இல்லாத வாயால் அரசுக்குப் பெரிய செலவில்லை. 1968-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயதுவந்தோரில் 37 சதவீதம் பேருக்கு ஓர் இயற்கைப் பல்கூட இல்லை. 2009-ல் அதே மாதிரியான கணக்கெடுப்பில் இது 6 சதவீதம். ஃப்ளோரைடு பற்பசை, அடைத்துக் காப்பாற்றும் வைத்தியம், மாறிய மனப்பான்மை எல்லாம் சேர்ந்த வெற்றி இது. சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. காப்பாற்றிய பல் சும்மா இருக்காது. அடைத்தது சில வருடங்களில் பெயரும், அப்புறம் பெரிய அடைப்பு, அப்புறம் ரூட் கேனால், அப்புறம் கேப். வாய் நிறைய உலோக அடைப்புகளோடு வயதாகும் இந்தத் தலைமுறையை ஆங்கிலப் பல் மருத்துவர்கள் கேலியாக ‘ஹெவி மெட்டல் தலைமுறை’ என்பார்கள். பல் இல்லாதவருக்கு ஒருமுறை செட். பல் இருப்பவருக்கு ஆயுள் முழுக்கப் பராமரிப்பு.

அந்தப் பராமரிப்பை யார் பொறுப்பேற்பது? பொது மருத்துவரும் என்.எச்.எஸ்ஸில் ஒப்பந்தக்காரர்தான், ஆனால் அவரிடம் ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் இருப்பவர் அவருடைய நோயாளி. பல் மருத்துவரிடம் அப்படி உறுதியான பட்டியல் கிடையாது. 1990 ஒப்பந்தம் அதைக் கொண்டுவரப் பார்த்தது: பதிவு செய்துகொண்ட நோயாளிக்கு அவசரம் என்றால், நேரம் கடந்தாலும் ஏற்பாடு செய்ய வேண்டியது அந்த மருத்துவரின் கடமை. எதிர்பார்த்ததைவிடச் செலவு கூடியது. 1992-ல் அரசு கட்டணத்தை 7 சதவீதம் வெட்டியது. பழைய பாட்டுத்தான். பல மருத்துவர்கள் மெதுவாகத் தனியார் பக்கம் நகர்ந்தார்கள். இரண்டே வருடத்தில் எல்லோருக்கும் என்.எச்.எஸ் பல் மருத்துவர், ஒரு போன் போட்டால் போதும் என்று 1999-ல் டோனி பிளேர் வாக்குக் கொடுத்தார். 2004 பிப்ரவரியில் ஸ்கார்பரோ ஊரில் புதிய மருத்துவர் ஒருவர் நோயாளிகளைச் சேர்க்கிறார் என்று தெரிந்ததும், குளிரில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நின்ற படம் நாளிதழ்களில் வந்தது.

இதற்குத் தீர்வு என்று 2006 ஏப்ரலில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வந்த புதிய ஒப்பந்தம்தான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது. மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு அதைப் படித்தால் பழகிய நாற்றம் அடிக்கும். வேலையை ‘பல் செயல்பாட்டு அலகு’ என்று அளக்கிறார்கள். பரிசோதனைக்கு 1 அலகு. அடைப்பு, பிடுங்கல், ரூட் கேனால் எதுவானாலும் 3. கேப், பல்செட் என்றால் 12. ஒரு சின்ன அடைப்புக்கும் 3. ஆறு அடைப்பும் ஒரு ரூட் கேனாலும் சேர்ந்தாலும் 3! எங்கள் அலுவலகத்தில் ‘ஸ்டோரி பாயிண்ட்’ என்று ஒன்று உண்டு. இரண்டு வார வேலைக்கும் இரண்டு மணிநேர வேலைக்கும் ஒரே பாயிண்ட் என்று மேலாளர் சொன்னால், கடினமான வேலையை யார் எடுப்பார்கள்? நல்லவர்கள் எடுப்பார்கள். கொஞ்ச நாளைக்கு.

போதாததற்கு, ஒவ்வொரு கிளினிக்கும் வருடத்துக்கு இத்தனை அலகு செய்தாக வேண்டும். 96 சதவீதத்துக்குக் கீழே போனால் கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடிப்பார்கள், கூடுதலாகச் செய்தால் காசு தர வேண்டிய கட்டாயமில்லை. இன்னொரு பக்கம், நோயாளிப் பதிவையே எடுத்துவிட்டார்கள். ஒரு சிகிச்சை முடிந்தால் உறவும் முடிந்தது. ‘நான் என்.எச்.எஸ் டென்டிஸ்டிடம் பதிவு செய்திருக்கிறேன்’ என்று மக்கள் இன்னமும் சொல்கிறார்கள், சட்டப்படி அப்படி ஒன்று இல்லை. 2008-லேயே நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குழு, ரூட் கேனால் குறைந்து பல் பிடுங்குவது கூடியிருப்பதைச் சுட்டிக்காட்டியது. அலகு 3 ஆகவே இருந்தது. 2022 நவம்பரில்தான் கடினமான வேலைகளுக்கு 5, 7 என்று கொஞ்சம் ஏற்றினார்கள். இந்தப் பணம் மக்களில் பாதிப் பேருக்குத்தான் போதும் என்று பிரிட்டிஷ் பல் மருத்துவச் சங்கம் வருடக்கணக்கில் சொல்லிவருகிறது.

அந்த ஒப்பந்தம் அவசர சிகிச்சைக்குக் கொடுத்த மதிப்பு 1.2 அலகு.

அவசரம் என்றால் என்ன அவசரம்? பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள ஒரு சின்ன அறை. சுற்றிலும் கடினமான சுவர். கிருமி உள்ளே போய் வீங்கினால் அந்த வீக்கம் விரிய இடமில்லை, அழுத்தம் முழுக்க நரம்பின்மேல் விழும். தலைவலி தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்த வலியைப் பக்கத்து வீட்டுக்காரரும் தெரிந்துகொள்வார், ராத்திரி முழுக்க முனகல் கேட்கும். நரம்பு செத்தால் வலி ஒருநாள் நின்றுபோகும். சரியாகிவிட்டது என்று நினைப்போம். வேரின் நுனியில் சீழ் கட்டிக்கொண்டிருக்கும். ஆன்டிபயாடிக் அதை அடக்கிவைக்குமே தவிரத் தீர்க்காது, செத்த நரம்புக்குள் ரத்த ஓட்டமில்லை, மருந்து போய்ச்சேர வழியில்லை. பல்லைத் திறக்க வேண்டும், அல்லது பிடுங்க வேண்டும். அரை மணிநேர வேலை. செய்யாமல் விட்டால் அரிதாக வீக்கம் நாக்குக்கு அடியில் இறங்கி மூச்சுக்குழாயை அடைக்கும், ஆளே போய்விடலாம்.

அந்த அரை மணிநேரம்தான் கிடைப்பதில்லை. கிளினிக்குகளுக்கு வரிசையாகப் போன் செய்தால், புதிய பெரியவர்களைச் சேர்ப்பதில்லை என்ற பதில். 2022-ல் பிபிசி விசாரித்தபோது பிரிட்டனில் பத்தில் ஒன்பது கிளினிக்குகளின் நிலைமை அதுதான். 111-ஐ அழைத்தால் அவசர இடம் இருந்தால் தருவார்கள், அதுவும் எவ்வளவு தூரத்தில் என்பது ஊரைப் பொறுத்தது. பொது மருத்துவரோ ‘பல் என் வேலை இல்லை’ என்பார். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பெரும்பாலும் வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும்தான். அப்புறம் குறடு. தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டவர்களின் செய்திகள் இப்போது அங்கே ஆச்சரியம் தருவதில்லை. இங்கிலாந்தில் ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவதற்கு முதல் காரணம் சொத்தைப்பல். குழந்தைகளுக்குச் சிகிச்சை இலவசம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். வசதி இருப்பவர்கள் தனியாரிடம் போகிறார்கள். லண்டனிலிருந்து லீவுக்குச் சென்னை வரும் நம்மாட்களின் பட்டியலில் பட்டுப்புடவைக்கு முன்னால் பல் டாக்டர் வந்துவிட்டார்.

2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் பகுதியில், மூடிக்கிடந்த கிளினிக் ஒன்று புதிய பெயரில் திறந்தது. நூற்றுக்கணக்கானோர் வரிசை, ஒழுங்குபடுத்த போலீஸ். ஸ்கார்பரோவுக்கு இருபது வருடம் கழித்து அதே படம், இந்த முறை கலரில் செல்போனில். அந்த வருடத் தேர்தலில் தொழிற்கட்சி, வருடத்துக்கு 7 லட்சம் கூடுதல் அவசரப் பல் சந்திப்புகள் தருவோம் என்று வாக்குக் கொடுத்து ஜெயித்தது. பெவனின் கட்சி, கேட்ஸ்கெலின் கட்சியும் அதுதான். எண்ணிக்கை பெரியதுதான், வலியில் துடிப்பவருக்கு ஓர் இடம் கிடைப்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அங்கே பல்லைத் திறந்து, சீழை வடித்து, தற்காலிகமாக அடைத்து அனுப்புவார்கள். ரூட் கேனாலை முடித்துக் கேப் போட வேறொரு மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள். அந்த வேறொரு மருத்துவருக்கு, வீக்கம் வடிந்த கன்னத்தோடு, மறுபடியும் முதல் நம்பரிலிருந்து போன் செய்ய வேண்டியதுதான்.