லாடக் கொல்லரின் பலகை

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், குன்ஸ்ட்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓர் ஓவியம் துணியில் தீட்டப்பட்டதல்ல. மரப்பலகைகளைச் சேர்த்து இணைத்து அவற்றின் மேல் வரைந்தது. பருத்த வண்டிக்குதிரை ஒன்று மிரண்டு நிற்க, சுத்தியலோடு அதை அடக்கிப் பிடித்திருக்கிறார் ஒரு லாடக் கொல்லர். ‘லாடக் கொல்லரின் பெயர்ப்பலகை’ என்பதே அதன் பெயர். 1814 வாக்கில் அதை வரைந்த பிரெஞ்சு ஓவியர் தியோடர் ஜெரிக்கோவுக்கு அப்போது இருபதுகளின் தொடக்க வயது.

அரசவைப் படங்களுக்குப் போட்டிபோட வேண்டிய இளைஞர் கொல்லுப் பட்டறைக்கு ஏன் போனார்? விடை 1812-இலேயே இருக்கிறது. செயின்ட் கிளவுட் திருவிழாவுக்குப் போகிற சாலையில், வண்டியில் பூட்டியிருந்த சாம்பல் புள்ளிக் குதிரை ஒன்று வெயிலிலும் புழுதியிலும் மிரண்டு முன்னங்கால்களைத் தூக்கியதை அவர் பார்த்தார். அந்த வண்டிக்குதிரைதான் அவருடைய ஓவியத்தில் நெப்போலியனின் காவல்படை அதிகாரி ஏறிய போர்க்குதிரையாக மாறி, பாரிஸ் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் வாங்கித் தந்தது. அந்தப் படம் வரைந்த நாட்களில், வாடகை வண்டிக்குதிரை ஒன்றைத் தினமும் ஓவியக்கூடத்துக்கு வரவழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஆக, வேலைக்குதிரை முதலில் போர்க்குதிரை வேஷம் போட்டது. 1814-இல் நெப்போலியன் வீழ்ந்தார். அவ்வாண்டு ஜெரிக்கோ காட்சிக்கு வைத்த, காயம்பட்ட படைவீரர் படத்துக்குப் பெரிய வரவேற்பில்லை. அதே காலத்துப் பலகையிலோ குதிரை வேஷத்தைக் கலைத்துவிட்டது. கொடியில்லை, சீருடையில்லை, குளம்புக்கு இரும்பு தேடி வந்திருக்கிறது, அவ்வளவுதான். பதக்கம் வாங்கிய படத்தைவிட இதுதான் எனக்கு நேர்மையாகப் படுகிறது.

அந்தப் பட்டறை அவரை விடவில்லை. 1820-இல் தமது ‘மெடூசாவின் தெப்பம்’ ஓவியத்தோடு லண்டன் போனவர், மறு ஆண்டு அங்கேயே கல்லச்சுப் படத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள பென்சிலால் வரைந்து எடுக்கும் அச்சு அது. ஆங்கில லாடக் கொல்லர், பிளெமிஷ் லாடக் கொல்லர், நிலக்கரி வண்டி எல்லாம் அதில் உண்டு. அதே 1821-இல் எப்சம் பந்தயத்தையும் வரைந்தார். அந்தப் பந்தயக் குதிரைகள் நான்கு கால்களையும் நீட்டி அந்தரத்தில் பறக்கின்றன. பட்டறைக்கு வந்த குதிரைகளிடம் அந்த மாயமெல்லாம் கிடையாது. உடம்பின் கனமெல்லாம் குளம்பில் இறங்கி நிற்கிறது.